சாவி கொடுக்கும்போது பேச வேண்டியவை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வாகனம் வைத்திருப்பவர்களும், அவசரத்துக்கு மற்றவரிடம் வாகனம் கேட்பவர்களும் பொறுமையாக வாசித்தால் நல்லது. நாங்கள் ஆசிரியர்கள். எங்கள் வீட்டுக் காரின் காப்புறுதிப் பத்திரத்தை வரி விடாமல் வாசித்து, முகவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிந்த விடயங்களையே இங்கே எழுதுகிறோம்.

விடுமுறை வந்தால் நம் ஊர்களில் எல்லோருடைய போனுக்கும் ஒரே மாதிரிச் செய்தி வரும். “நானா, நாளைக்குக் கார் சும்மாவா நிக்கிது?” “சேர், உம்மாவ மஹரகமைக்குக் கொண்டு போகணும், வேன் கிடைக்குமா?” “மச்சான், ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏத்தப் போகணும், ரெண்டு நாளைக்குத் தாங்க.” கலியாணம், ஜனாஸா, கிளினிக், உம்ராவுக்குப் போகிறவர்களை அனுப்புவது எல்லாமே இரவல் வாகனத்தில்தான் நடக்கிறது.

இது நல்ல பழக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். சம்பளக்காரர் ஒருவர் கார் வாங்குவது கனவாகிவிட்டது. ஒரு வீட்டில் நிற்கும் ஒரு வாகனம் நான்கைந்து குடும்பங்களுக்கு உதவுகிறது என்றால், அது அல்லாஹ் அந்த வீட்டுக்குக் கொடுத்த பாக்கியம். இரவல் கொடுக்காதீர்கள் என்று சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை. கொடுக்கும்போது வாய் திறந்து பேசிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

*

எங்கள் ஓய்வறையில் இந்தக் கதை வந்தால் இரண்டு கட்சி உண்டாகும். “இன்சூரன்ஸ் வாகனத்துக்கு, யார் ஓட்டினாலும் காசு வரும்” என்பது ஒரு கட்சி. “சொந்தக்காரன் ஓட்டாவிட்டால் ஐந்து சதமும் வராது” என்பது மற்றக் கட்சி. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

லண்டனில் இருக்கும் நம் உறவினர்கள் அங்குள்ள முறையைச் சொல்வார்கள். அங்கே பொதுவாகப் பத்திரத்தில் பெயர் எழுதப்பட்டவர்தான் அந்தக் காரை ஓட்டலாம். தம்பிக்குக் கொடுப்பதென்றால் தம்பியின் பெயரையும் சேர்க்க வேண்டும். நமது நாட்டில் பெரும்பாலான பத்திரங்கள் வேறு மாதிரி. வாகனத்தை வைத்தே காப்புறுதி எழுதப்படுகிறது. உரிமையாளரின் அனுமதியோடு, செல்லுபடியான சாரதி அனுமதிப் பத்திரம் உள்ள ஒருவர் ஓட்டினால் பாதுகாப்பு தொடரும். ஆகவே மச்சானுக்கோ மருமகனுக்கோ கார் கொடுத்த காரணத்தால் மட்டும் காப்புறுதி போய்விடாது.

ஆனால் “அனுமதியோடு”, “செல்லுபடியான”, அதோடு “என்ன தேவைக்கு” என்ற மூன்று இடங்களில்தான் சிக்கல் வருகிறது. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. வாகனத்துக்குப் போட்டிருப்பது எந்த இன்சூரன்ஸ்?

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வருமான அனுமதிப் பத்திரமும் எடுக்க முடியாது. நாம் “தேர்ட் பார்ட்டி” என்று சொல்வது இதைத்தான். நம் வாகனத்தால் இன்னொருவருக்கு வரும் பாதிப்புக்கு இது இருக்கிறது. நம் வாகனத்துக்கு வந்த சேதத்துக்கு இதில் ஒரு ரூபாயும் கிடையாது. “ஃபுல் இன்சூரன்ஸ்” என்று நாம் சொல்லும் முழுக் காப்புறுதியில்தான் நம் வாகனத்தின் சேதமும் சேரும்.

நம் ஊர்களில் மோட்டார் சைக்கிள்களிலும் பழைய த்ரீவீல்களிலும் பெரும்பகுதி தேர்ட் பார்ட்டிதான். கார் வைத்திருப்பவர்களிலும் சிலர் மார்க்க ரீதியான சந்தேகத்தால் முழுக் காப்புறுதி எடுப்பதில்லை. சட்டம் கேட்பதை மட்டும் போட்டுவிட்டு “தவக்கல்து அலல்லாஹ்” என்று இருப்பார்கள். (1999 முதல் அமானா தகாஃபுல் இங்கே இயங்குகிறது. அந்த வழியில் போனவர்களும் இருக்கிறார்கள்.) அது அவரவர் முடிவு. ஆனால் அப்படிப்பட்ட ஒருவரின் வாகனத்தை நாம் இரவல் வாங்கினால், அது முட்டினால் திருத்தும் காசு எந்தக் கம்பனியிடமிருந்தும் வராது. “இன்சூரன்ஸ் இருக்குத்தானே” என்று சாவியை வாங்கும் தம்பிமாருக்கு இது தெரிவதில்லை.

*

இனி முழுக் காப்புறுதி உள்ள வாகனம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலாவது அனுமதி. நாம் மச்சானுக்குக் கொடுத்தோம். மச்சான் தன் கூட்டாளிக்குக் கொடுத்தார். கூட்டாளி முட்டினார். அவருக்கு நம் அனுமதி இருந்ததா? இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டி வரும். இரவல் வாங்கிய பொருளை இரவல் கொடுக்கக் கூடாது என்று நம் மூத்தவர்கள் சொல்லி வளர்த்தது சும்மா இல்லை.

இரண்டாவது லைசன்ஸ். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் “ஓம்” என்பார்கள். எந்த வகுப்பு, எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ‘ஏ’, த்ரீவீலுக்கு ‘பி1’, காருக்கு ‘பி’. இருபது வருடமாக பைக் ஓட்டுபவராக இருந்தாலும் அந்த வகுப்பு கார்டில் இல்லாவிட்டால் அவர் கார்ச் சாரதி இல்லை. இலகுரக வாகனங்களுக்கான இப்போதைய கார்ட் எட்டு வருடத்துக்குத்தான். அந்தத் திகதி பின்பக்கத்திலும் முன்பக்கத்திலும் சின்ன எழுத்தில் கிடக்கும், யாரும் பார்ப்பதில்லை. பயிலுநர் அனுமதி வைத்திருக்கும் பிள்ளையிடம் “பக்கத்துக் கடை வரைக்கும்தானே” என்று கொடுப்பதும் இந்தக் கணக்குத்தான்.

கட்டாரிலும் சவூதியிலும் இருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பெரிய பெரிய வண்டிகளெல்லாம் ஓட்டுகிறார்கள், நம்மை விட நன்றாகவே ஓட்டுவார்கள். ஆனால் அந்த நாட்டு லைசன்ஸை மட்டும் பையில் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. உள்ளூர் லைசன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும், அல்லது இங்கே அங்கீகரிக்கப்பட்ட தற்காலிக அனுமதி எடுத்திருக்க வேண்டும். பல வருடம் வெளியில் இருந்ததால் இலங்கை லைசன்ஸ் காலாவதியானதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

மூன்றாவது தேவை. தனிப்பட்ட பாவனைக்கு என்று எழுதிய காரை ஹயருக்கு ஓட்டினால் பத்திரம் கைவிட்டுவிடும். பெற்றோலுக்கு நாம் பகிர்ந்துகொள்வது வேறு, ஆளுக்கு இவ்வளவு என்று சீட் காசு எடுப்பது வேறு. ஒருவரின் வேனை இரவல் வாங்கி, வலயமட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போய், தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வேலை பாடசாலைகளில் நடக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வி “காசு வாங்கினீர்களா?” என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வி “எத்தனை பேர் இருந்தார்கள்?” என்பது. கார் இரண்டு நாள் சும்மா நிற்கிறது என்று அதை வாங்கி ஆப்பில் ஓட்டம் ஓடுபவர்களும் இருக்கிறார்கள். உரிமையாளருக்கே அது தெரியாது.

*

இந்த மூன்றும் சரியாக இருந்தாலும் முழுச் செலவும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

பல பத்திரங்களில் ‘எக்ஸஸ்’ என்று ஒரு தொகை உண்டு. அந்த அளவு வரை உரிமையாளர்தான் கட்ட வேண்டும். பழைய பாகத்துக்குப் புதிய பாகம் போட்டால் தேய்மானம் கழிக்கும் பத்திரங்களும் உண்டு.

அடுத்தது பெறுமதி. 2018 இல் எழுதிய பெறுமதியையே வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு வருபவர்கள் பலர். பிரீமியம் குறையட்டும் என்றுதான். வாகனத்தின் இன்றைய விலை 60 இலட்சம், பத்திரத்தில் 40 இலட்சம் என்று ஒரு உதாரணம் வைப்போம். சராசரி விதி உள்ள பத்திரமாக இருந்தால், 6 இலட்சம் சேதத்துக்கு 4 இலட்சம்தான் கிடைக்கும். வாகனம் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது, ஆகவே நட்டஈடும் மூன்றில் இரண்டு பங்கு. எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்யும் விகிதக் கணக்கு. மிச்சம் 2 இலட்சம் யாருடையது?

இன்னொன்று கண்ணுக்கே தெரியாத நட்டம். க்ளெய்ம் எடுக்காமல் ஓட்டிய வருடங்களுக்கு நமக்கு ‘நோ க்ளெய்ம் போனஸ்’ என்று ஒரு தள்ளுபடி சேர்ந்து வந்திருக்கும். 1 இலட்சம் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி என்றால் 50,000 தான் கட்டுவோம். இரவல் கொண்டு போனவர் இடித்ததற்கு க்ளெய்ம் எடுத்தால் அந்தத் தள்ளுபடி குறையும், அல்லது இல்லாமலே போகும். அடுத்த வருடப் புதுப்பித்தலில் அந்தக் காசை உரிமையாளர்தான் கட்டுவார். அந்த நேரம் இரவல் வாங்கியவருக்கு அந்த விபத்தே மறந்திருக்கும்.

இதற்கு மேல், கார் கரேஜில் நிற்கும் மூன்று நான்கு வாரம் உரிமையாளர் பஸ்ஸில் போக வேண்டும். அதற்கு எந்தப் பத்திரத்திலும் பொதுவாக இடமில்லை.

*

எங்கள் சொந்தத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர் ஊர் வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஓய்வுக் கொடுப்பனவில் ஒரு வேகன்ஆர் வாங்கி, அதைப் பிள்ளையைப் போல வைத்திருந்தார். தங்கச்சியின் மகன் கட்டாரில் இருந்து வந்தான். “மாமா, நுவரெலியாவுக்குப் போய்ட்டு வாறம், ரெண்டு நாளைக்குக் காரத் தாங்க” என்றான். “கொண்டு போ மகன்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

திரும்பி வரும் வழியில், மழையில், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போன லொறியில் முட்டினான். ஆளுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். காரின் முன்பக்கம் போய்விட்டது. காப்புறுதிக்காரர் இடத்துக்கு வந்து லைசன்ஸ் கேட்டார். கட்டார் லைசன்ஸ் இருந்தது. இலங்கை லைசன்ஸ் முடிந்து இரண்டு வருடம். பத்திரத்தில் உள்ளபடி காரின் சேதத்துக்குக் காசு தர முடியாது என்று கடிதம் வந்தது. கம்பனியைக் குறை சொல்ல இடமில்லை, நிபந்தனை எழுத்தில்தான் இருந்தது.

கரேஜ் பில் 4 இலட்சத்து 80 ஆயிரம். பில் வர முன்னரே மருமகன் பிளேன் ஏறிவிட்டான். போகும்போது “இன்சூரன்ஸால வரும்தானே மாமா” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கெட்ட பிள்ளை இல்லை, அப்படித்தான் நினைத்திருந்தான். மாமா கேட்க வெட்கப்பட்டார். தங்கச்சி, நானா கேட்கவில்லையே என்று பேசாமல் இருந்தார். மாமி மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லிக் கவலைப்பட்டார். அந்தப் பேச்சு நாலு வாய் மாறித் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது “கள்ளன்” என்ற சொல்லோடு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கலியாணத்துக்கு இவர்கள் போகவில்லை, இவர்களின் பெருநாளைக்கு அவர்கள் வரவில்லை.

இப்போது அவன் மாதம் மாதம் கொஞ்சம் அனுப்புகிறான். கடன் ஒருநாள் முடியும். கூடப் பிறந்த இருவர் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஸலாம் மட்டும் சொல்லிக் கடந்து போவதைப் பார்க்கத்தான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சாவி கைமாறிய அன்று அவனுடைய லைசன்ஸைப் பற்றியும், நட்டம் யாருடையது என்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் இவ்வளவும் இல்லை.

*

ஏன் பேசுவதில்லை? வெட்கம்தான். “லைசன்ஸக் காட்டு” என்று மருமகனிடம் கேட்டால் என்ன நினைப்பான்? “ஏதும் நடந்தா நீங்கதான் பொறுப்பு” என்று மச்சானிடம் சொன்னால் கஞ்சன் என்று நினைப்பாரோ?

ஆனால் நமது மார்க்கத்தில் இந்தப் பேச்சுக்கு வெட்கமே இல்லை. சூரா மாஊன் அன்றாடப் பாவனைப் பொருட்களைக் கூட மற்றவருக்குக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கிறது என்று நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஃபிக்ஹு நூல்களில் ‘ஆரியா’ என்று இரவலுக்குத் தனிப்பாடமே இருக்கிறது. அந்தப் பாடத்தில் ஸஃப்வான் இப்னு உமையாவின் சம்பவம் வரும். ஹுனைன் போருக்குப் போகும்போது நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கவசங்களை இரவல் கேட்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்துக்கு வந்திருக்கவில்லை. இது பலவந்தமாக எடுப்பதா என்று நேராகவே கேட்டார். இல்லை, பொறுப்பேற்கப்பட்ட இரவல் என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். கேட்டவரைக் கோபிக்கவில்லை. பிறகு சில கவசங்கள் தவறியபோது அதற்கு ஈடு தரவும் முன்வந்தார்கள்.

நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இரவல் வாங்கியவர் அனுமதிக்கப்பட்ட பாவனையால் வரும் சாதாரணத் தேய்வுக்குப் பொறுப்பில்லை. டயர் தேய்ந்ததற்கு ஈடு கேட்க முடியாது. ஆனால் பொருள் அவர் கையில் வேறு விதமாகச் சேதப்பட்டால், அவர் கவனக்குறைவாக இல்லாவிட்டாலும் ஈடு கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரவல் ஓர் அமானிதம், கவனக்குறைவோ வரம்பு மீறலோ இருந்தால்தான் பொறுப்பு. உங்கள் விடயத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் நல்லது செய்த உரிமையாளர்தான் நட்டத்தையும் தாங்க வேண்டும் என்ற நம் ஊர் வழக்கத்துக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இடமில்லை. எக்ஸஸ், சராசரி விதியில் வெட்டுப்படும் தொகை, போகும் போனஸ் என்று காப்புறுதி விட்டுவைக்கும் மிச்சத்தை இரவல் வாங்கியவர் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டே சாவியை வாங்க வேண்டும். உரிமையாளர் மன்னித்துவிட்டால் அது அவருடைய தர்மம். மன்னிப்பார் என்று நாமே முடிவெடுக்க முடியாது.

*

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. விபத்து நடந்ததும் உரிமையாளருக்கு போன் வரும். “நீங்க ஓட்டினதாச் சொல்லுங்க, இல்லாட்டி க்ளெய்ம் வராது.” நல்ல மனிதர்கள் கூட இதைக் கேட்கிறார்கள், செய்கிறார்கள். இது பொய் சொல்லிக் காசு எடுப்பது. யாருக்காவது காயம் பட்டிருந்தால் அதே பொய்யைப் பொலிஸிலும், பிறகு நீதிமன்றத்திலும் சொல்ல வேண்டி வரும். வீதிக் கமராவும், கடைக் கமராவும், பார்த்த சனமும் இருக்கும். முதலில் க்ளெய்ம் மட்டும்தான் போயிருக்கும். இப்போது மோசடி என்ற பெயரும் சேரும். வகுப்பில் பார்த்தெழுதும் பிள்ளையைப் பிடிக்கும் நாம் இதற்கு வேறு பெயர் வைக்கக் கூடாது.

*

நாங்கள் எங்கள் வீட்டில் கடைப்பிடிப்பதைச் சொல்கிறோம். விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கொடுப்பவர்கள்:

1. லைசன்ஸைக் கையில் வாங்கி வகுப்பையும் திகதியையும் பாருங்கள். சொந்தம் என்றாலும் பாருங்கள். எல்லோரிடமும் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால்தான் பிரச்சினை.

2. எங்கே, எதற்கு, யார் ஓட்டுவது, எப்போது திரும்பும் என்று ஒரு வட்ஸ்அப் செய்தியில் எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், ஹயர் ஓட வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

3. ஃபுல்லா, தேர்ட் பார்ட்டியா, எக்ஸஸ் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். காப்புறுதி அட்டையும், வருமான அனுமதிப் பத்திரமும், கம்பனியின் அவசர இலக்கமும் வாகனத்தில் இருக்கட்டும்.

4. ஓப்பன் பேப்பரில் வாங்கி இன்னும் பெயர் மாற்றாத வாகனமாக இருந்தால், இரவல் கொடுக்க முன் அந்த வேலையை முடியுங்கள். பத்திரம் ஒருவர் பெயரில், வாகனம் ஒருவர் கையில், ஓட்டியவர் இன்னொருவர் என்றால் யாரும் விளக்கம் சொல்ல முடியாது.

5. புதுப்பிக்கும்போது பெறுமதியை இன்றைய விலைக்கு மாற்றுங்கள்.

வாங்குபவர்கள்:

1. உரிமையாளர் கேட்க முன் நீங்களே சொல்லுங்கள்: “நானா, என்ட கையில ஏதும் நடந்தா இன்சூரன்ஸ் குடுக்காத மிச்சம் என்ட பொறுப்பு.” இந்த ஒரு வசனம் அவருடைய வெட்கத்தை எடுத்துவிடும்.

2. விபத்து நடந்தால் வாகனத்தை அசைக்க முன் உரிமையாளருக்கும் கம்பனிக்கும் சொல்லுங்கள். படம் எடுங்கள். காயம் இருந்தால் முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள், பொலிஸுக்கும் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

3. சின்னக் கீறலையும் மறைக்காதீர்கள். சாவியைக் கொடுக்கும்போது நீங்களே காட்டுங்கள்.

4. இரவு முழுக்க நித்திரையில்லாமல் கொழும்புக்கு ஓட வேண்டாம். ஓட்ட இரண்டாவது ஆள் தேவையென்றால், அவருடைய லைசன்ஸையும் முன்கூட்டியே உரிமையாளருக்கு அனுப்புங்கள்.

ஒவ்வொரு கம்பனியின் பத்திரமும் கொஞ்சம் வித்தியாசப்படும். இன்று இரவே உங்கள் பத்திரத்தை எடுத்து, சாரதி பற்றிய பகுதியையும், பாவனை பற்றிய பகுதியையும் வாசியுங்கள். ஆங்கிலம் கஷ்டமென்றால் வீட்டில் ஏஎல் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், அல்லது முகவரைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அது அவருடைய வேலை.

உங்கள் ஊரில் இதைப் போல நடந்திருந்தால் பெயர் குறிப்பிடாமல் கருத்தில் எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கும். குடும்ப குரூப்களிலும் பகிருங்கள். முக்கியமாக விடுமுறைக்கு வரக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். லைசன்ஸ் திகதியை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு வரட்டும்.

நம் வாகனங்களையும், அதில் போகிறவர்களையும், அதைக் கொடுத்து வாங்கும் உறவுகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.